அலுமாரிக்குள் இருக்கும் விமானத்துக்குக் கீழே யார் இருந்தார்கள்?



போன கிழமை எங்கள் சேகரிப்பின் படம் ஒன்றை இந்தப் பக்கத்தில் போட்டிருந்தோம். பழைய கண்ணாடி அலுமாரி ஒன்று, அதற்குள் உலோகத்தில் வார்த்த 23 சின்னப் போர் விமானங்கள். நிறையப் பேர் 'மாஷா அல்லாஹ், வடிவா இரிக்கி' என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் மூன்று பின்னூட்டங்கள் எங்களைத் தூங்க விடவில்லை.

ஒருவர் கேட்டார்: "காஸாவில பிள்ளைகள்ட தலைக்கு மேல பிளேன் குண்டு போட்டுக்கிட்டு இரிக்கக்குள்ள, ஒரு முஸ்லிம் வாத்தியாருக்கு இது தேவையா?"

அவருக்கு இன்னொருவர் பதில் சொன்னார்: "இது வெறும் விளையாட்டுச் சாமான். இதுக்குள்ள ஏன் அரசியலைக் கொண்டு வாறீங்க?"

மூன்றாமவர் சுருக்கமாக முடித்துவிட்டார்: "சேர்மாருக்கு சம்பளம் கூடிட்டுப் போல."

மூன்றுக்கும் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு வந்து வாசியுங்கள்.

முதலில், இந்த 'நாங்கள்' யார் என்று சொல்லிவிடுகிறோம். கல்வியியற் கல்லூரியில் ஒரே விடுதி அறையில் இருந்த மூன்று பேர். ஒருவர் விஞ்ஞானம், ஒருவர் வரலாறு, ஒருவர் கணிதம். இருவருக்கு ஊர் மூதூர், மற்றவருக்குக் கிண்ணியா. இன்று மூன்று வெவ்வேறு பாடசாலைகளில் படிப்பிக்கிறோம். சேகரிப்பு மூவருக்கும் பொது. இதை எழுதுகிற கை ஒன்றுதான் என்றாலும் மூவரும் வாசித்து, சண்டை பிடித்து, திருத்திய பிறகே போடுகிறோம்.

இது எப்படித் தொடங்கியது? பயிற்சி முடிந்த வருடம் திருகோணமலையில் ஒரு பழைய சாமான் கடைக்குள் மழைக்கு ஒதுங்கினோம். துருப்பிடித்த பூட்டுகளுக்கும் பித்தளைக் குத்துவிளக்குகளுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு விமானம் கிடந்தது. உந்திச்சுற்றி உடைந்திருந்தது. பச்சையும் மண்ணிறமும் கலந்த பூச்சு பாதி போய்விட்டது. கையில் எடுத்தபோது பாரமாக இருந்தது. பிளாஸ்டிக் பொருளைக் கையில் எடுத்தால் அப்படி இருக்காது. திருப்பிப் பார்த்தால் இறக்கையின் அடியில் எழுத்து: ஹரிகேன். பக்கத்தில் டிங்கி டோய்ஸ் என்ற பெயர்.

வரலாறு படித்தவர் அந்த இடத்திலேயே சத்தம் போட்டார். "டேய், இது நம்மட ஊருக்கு மேல பறந்த பிளேன்!"

உண்மைதான். 1942 ஏப்ரல் 5, கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறு தினம். ஜப்பானின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவற்றை எதிர்க்க இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்தவை பெரும்பாலும் ஹரிகேன்கள். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையின் முறை. சீனக்குடாவிலிருந்தும் ஹரிகேன்கள் எழுந்தன. அன்றுதான் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அந்த ஹரிகேனை மூவரும் காசு போட்டு வாங்கினோம். சேகரிப்பு அங்கே தொடங்கியது.

தெரியாதவர்களுக்காக இந்தச் சாமான் என்ன என்று சொல்கிறோம். டைகாஸ்ட் என்பது அச்சு வார்ப்பு. நாகத்தோடு கொஞ்சம் அலுமினியம் சேர்த்த கலப்புலோகத்தை உருக்கி, உருக்கு அச்சுக்குள் அமுக்கத்தோடு செலுத்துவார்கள். நாகம் கிட்டத்தட்ட 420 பாகை செல்சியஸில் உருகிவிடும், அதனால் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். 1920களின் இறுதியில் அமெரிக்காவில் இந்தக் கலப்புலோகம் சீராக்கப்பட்டது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மெக்கானோ நிறுவனம் 1930களில் டிங்கி டோய்ஸ் என்ற பெயரில் சின்னக் கார்களையும் விமானங்களையும் வார்க்கத் தொடங்கியது. 1934இல் வந்த முதல் விமானத் தொகுதியில் இருந்தவை பயணிகள் விமானம், தனியார் விமானம், சுழல் இறக்கைக்காரன் போன்றவை. போர் விமானங்கள் பின்னால் வந்தன. உலகம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் விளையாட்டுச் சாமானும் திரும்பும்.

'வெறும் விளையாட்டுச் சாமான்' என்று சொன்ன சகோதரருக்கு இந்த இடத்தில் ஒரு கதை.

1940இல் ஜேர்மன் விமானங்கள் இங்கிலாந்தைத் தாக்கிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே 'ஸ்பிட்பயர் நிதி' என்று ஊர் ஊராகக் காசு திரட்டினார்கள். ஒரு ஸ்பிட்பயரின் விலை ஐயாயிரம் பவுண் என்று கணக்குச் சொன்னார்கள். கொடுப்பவருக்கு, 'நீ கொடுத்த காசு ஒரு இறக்கையாகவோ ஒரு ஆணியாகவோ பறக்கிறது' என்று தோன்ற வேண்டும். மெக்கானோ நிறுவனமும் அந்த நிதிக்காக டிங்கி ஸ்பிட்பயரைத் தனிப் பெட்டியில் போட்டு விற்றது. பிள்ளையின் உண்டியல் காசு விளையாட்டு ஸ்பிட்பயருக்குப் போய், அங்கிருந்து உண்மையான ஸ்பிட்பயருக்குப் போனது. போர் இன்னும் இறுகியபோது அந்த உலோகமே போருக்குத் தேவைப்பட்டு விளையாட்டுச் சாமான் வார்ப்பது நின்று போனது.

இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. இலங்கை என்ற நாட்டின் பெயரைத் தாங்கிய பிரித்தானியக் குண்டுவீச்சு அணி ஒன்று இருந்தது தெரியுமா? 102ஆம் இலக்க சிலோன் ஸ்குவாட்ரன். விட்லி, ஹலிபக்ஸ் குண்டுவீச்சு விமானங்களில் இரவிரவாக ஜேர்மன் நகரங்களுக்கு மேல் பறந்தது. அந்த நகரங்களில் எரிந்த வீட்டுக்காரர்களுக்கு சிலோன் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது. அந்தப் பெயர் அங்கே பறந்தது என்று எங்கள் பாட்டனார்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஆகவே, சகோதரரே, இதற்குள் அரசியலை நாங்கள் கொண்டு வரவில்லை. அச்சு வார்க்கும்போதே அது உள்ளே ஊற்றப்பட்டுவிட்டது.

இனி முதல் கேள்விக்கு வருகிறோம். கேட்டவர் எங்களுக்குத் தெரிந்தவர்தான், நல்ல மனிதர். அவருக்கு வாயடைக்கப் பதில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். எழுத உட்கார்ந்த பிறகுதான், அவர் பாதி சரி என்று விளங்கியது. அதை ஒப்புக்கொள்ள ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் எங்களில் ஒருவரின் பாடசாலையில் கண்காட்சி. விஞ்ஞானக் கூடத்தில் ஒரு மேசையை எங்களுக்குத் தந்தார்கள். வெள்ளை மேசை விரிப்பு போட்டு விமானங்களை வரிசையாக வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை: பெயர், நாடு, உச்ச வேகம், எந்திரம், இறக்கை நீளம். கணிதம் படிப்பிக்கிறவர் அளவுத்திட்டப் பாடமும் நடத்தினார். "ஸ்பிட்பயரின் இறக்கை 11.23 மீற்றர். 72இல் ஒன்று என்ற அளவில் எவ்வளவு?" பிள்ளைகள் கணக்குப் போட்டு 15.6 சென்றிமீற்றர் என்று கத்தினார்கள். அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் சரியாக இருந்தது. எங்களுக்கு ஒரே பெருமை.

அந்தப் பாடசாலைக்கு வன்னியிலிருந்து ஒரு தமிழ் ஆசிரியை மாற்றலாகி வந்திருந்தார். அவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், மேசையின் கடைசியில் முக்கோண இறக்கை வைத்த ஒரு பழைய பிரெஞ்சு வார்ப்புக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"சேர், இது கிபிரோ?"

"இல்ல டீச்சர், இது மிராஜ். கிபிருக்கு மூத்தது. இதே உடம்புக்கு அமெரிக்க எந்திரத்தைப் போட்டு இஸ்ரேல்காரன் செய்ததுதான் கிபிர்." எங்களவர் உற்சாகமாக விளக்கத் தொடங்கினார். பாண்டம் விமானத்தின் அதே ஜே-79 எந்திரம், முன்பக்கச் சின்ன இறக்கை, 1996இல் இலங்கை வாங்கியது என்று ஒவ்வொன்றாக அடுக்கினார்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "எனக்கு ரெண்டும் ஒண்டுதான் சேர். நான் அப்ப ஓ.எல். எடுக்க இருந்தனான். இதின்ர சத்தம் கேக்கேக்க இது தலைக்கு மேல வந்திட்டுது எண்டு அர்த்தம். படிச்சதெல்லாம் பங்கருக்குள்ளதான்."

வேறொன்றும் சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. அட்டையை ஒரு தரம் வாசித்தார். உச்ச வேகம், எந்திரம், இறக்கை நீளம். வாசித்துவிட்டு அடுத்த கூடத்துக்குப் போனார்.

(அவரிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே இதை எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். யாரும் கேட்க வேண்டாம்.)

அன்று இரவு மூவரும் தொலைபேசியில் பேசினோம். நீண்ட நேரம் யாருக்கும் பேச்சு வரவில்லை. ஏனென்றால் எங்களில் இருவருக்கும் கிபிரின் சத்தம் தெரியும். ஆனால் எங்கள் காதில் விழுந்தது வேறு மாதிரி.

2006 ஆகஸ்ட். மூதூருக்குள் புலிகள் வந்தார்கள். ஷெல் விழுந்தது. எங்கிருந்து வருகிறது என்று நின்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ஊரே நடந்து கந்தளாய்க்கு வந்தது. உம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது எங்களில் ஒருவர்தான். பாடசாலைக் கட்டடத்திலும் கூடாரத்திலுமாக இருந்தோம். ஒரு நாள் ஜெட் சத்தம் கேட்டது. மூதூர்ப் பக்கம் போகிறது என்று யாரோ சொன்னார்கள். பெடியன்கள் எல்லோரும் வெளியே ஓடிவந்து வானத்தைப் பார்த்துக் கை தட்டினோம். 'கிபிர் போகுது, கிபிர் போகுது' என்று கத்தினோம். எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பப் போகிறது என்ற சந்தோஷம்.

அந்தச் சத்தம் எங்கே போய் முடிந்தது என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. பதினைந்து வயது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் முப்பது வயதிலும், ஆசிரியராக வந்த பிறகும், மேசையில் மிராஜை வைத்து உச்ச வேகத்தை எழுதியபோதும் நாங்கள் யோசிக்கவில்லையே. அதற்கு என்ன சாட்டுச் சொல்வது?

ஒரே விமானம். கந்தளாயில் நின்ற பிள்ளைக்கு நம்பிக்கை. வன்னியில் பங்கருக்குள் இருந்த பிள்ளைக்கு மௌத்து. இருவரும் ஒரே வருடத்தில் ஒரே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்.

1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாங்கள் அதைப் பெரியவர்களான பிறகுதான் அறிந்தோம். எங்கள் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலைகளை எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் அறிந்திருப்பார்கள் என்று நாங்கள் அடிக்கடி கேட்போம். அதே கேள்வியை எங்களை நோக்கியும் திருப்ப வேண்டும் அல்லவா?

ஆகவே, காஸாவைச் சொல்லிக் கேட்ட சகோதரருக்கு எங்கள் பதில்: நீங்கள் சொல்வதில் பாதி சரி. கீழே இருக்கிற மனிதனை மறந்துவிட்டு மேலே பறக்கிற இயந்திரத்தின் அழகை மட்டும் பார்க்கிறவன் சேர்க்கிற சேகரிப்பு ஒரு நோய்தான். பல வருடங்களாக எங்கள் சேகரிப்பு அப்படித்தான் இருந்தது. ஆனால் உங்கள் முடிவோடு, அதாவது 'விற்றுவிட்டுப் போங்கள்' என்பதோடு நாங்கள் உடன்படவில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

எங்களிடம் ஒரு ஸ்டூக்கா இருக்கிறது. ஜேர்மனியின் யுங்கர்ஸ் 87. டிங்கி அதை 1969இல் வெளியிட்டது, இங்கிலாந்து வான் சமரைப் பற்றிய பெரிய திரைப்படம் ஒன்று வந்த வருடம். அதோடு ஒரு ஸ்பிட்பயரும் வந்தது, மின்கலத்தில் உந்திச்சுற்றி சுழலும். ஸ்டூக்காவின் விசேஷம் என்னவென்றால், வயிற்றில் ஒரு குண்டு. அதற்குள் பொட்டுவெடி வைத்துக் கீழே போட்டால் 'பட்' என்று வெடிக்கும். போர் முடிந்து 24 வருடங்கள்தான். அதே குண்டுகள் விழுந்த நாட்டின் பிள்ளைகளுக்கு அதை விளையாட்டாக விற்றார்கள், அவர்களும் விரும்பி வாங்கினார்கள்.

அந்த ஸ்டூக்காக்கள் 1939 செப்டெம்பர் 1 அதிகாலையில் போலந்தின் வியேலுன் என்ற சின்ன நகரத்துக்கு மேல் வந்தன. இரண்டாம் உலகப் போரின் முதல் குண்டுகளில் சில அங்கேதான் விழுந்தன. வைத்தியசாலையும் தப்பவில்லை. வகுப்பில் வியேலுன் என்ற பெயரைச் சொன்னால் ஒரு பிள்ளைக்கும் நினைவில் நிற்காது. ஆனால் ஸ்டூக்காவைக் கையில் தந்து, குண்டு எங்கே பொருத்தப்படும் என்று காட்டி, அது முதலில் எங்கே விழுந்தது என்று சொன்னால் நாற்பது பிள்ளைகளும் வாய் மூடிக் கேட்கிறார்கள். இதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். அந்த உலோகத்துண்டு ஒரு சாட்சிப் பொருள். அதை வீசிவிட்டால் சாட்சி போய்விடும், குற்றம் அப்படியே இருக்கும்.

உலகத்தின் பெரிய நூதனசாலைகளே இந்த இடத்தில் தடுமாறியிருக்கின்றன. ஹிரோஷிமா மீது அணுகுண்டைப் போட்ட பி-29 விமானம் எனோலா கே. குண்டு போட்ட ஐம்பதாவது ஆண்டில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூதனசாலை அதைக் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டது. விமானத்தோடு ஹிரோஷிமாவிலிருந்து கொண்டுவந்த பொருட்களையும் வைப்பது என்பது திட்டம். அதில் ஒன்று எரிந்து கரிந்துபோன ஒரு பாடசாலைப் பிள்ளையின் சோற்றுப்பெட்டி. பழைய படைவீரர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. அமெரிக்க வீரர்களை அவமதிக்கிறார்கள் என்றார்கள். 1995 ஜனவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பணிப்பாளர் அதே வருடம் பதவி விலகினார். கடைசியில் விமானத்தின் உடற்பகுதியைத்தான் வைத்தார்கள், சோற்றுப்பெட்டி இல்லை.

1945 முடிவதற்குள் அந்த ஒரு குண்டால் இறந்தவர்கள் ஏறத்தாழ 140,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். இன்று எனோலா கே என்ற பெயரோடு பளபளக்கும் பி-29 வார்ப்புகளைக் காசு கொடுத்து வாங்கலாம். எந்தப் பெட்டிக்குள்ளும் சோற்றுப்பெட்டி வராது.

எங்கள் கருத்து இதுதான்: விமானத்தை மட்டும் வைக்கிறவனும் பிழை, விமானத்தை ஒளிக்கிறவனும் பிழை. சோற்றுப்பெட்டியைப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அளவுத்திட்டக் கணக்கை இப்போது வேறு மாதிரிக் கொடுக்கிறோம். பத்து வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 1.3 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 72இல் ஒன்று என்ற அளவில் அந்தப் பிள்ளை எவ்வளவு? 18 மில்லிமீற்றர். நிலக்கடலைப் பருப்பு அளவு. விமானத்தைச் செய்கிறவன் இறக்கையின் ஆணியைக் கூட விடாமல் வார்ப்பான். அந்த 18 மில்லிமீற்றரை யாரும் வார்ப்பதில்லை. அதைச் சொல்வதுதான் சேகரிக்கிறவனின் வேலை, படிப்பிக்கிறவனின் வேலை.

அந்த ஆசிரியை வந்துபோன பிறகு சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம்.

முதலாவது, அட்டைகளை மாற்றினோம். உச்ச வேகம் இன்னும் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆனால் கடைசி வரி ஒன்று கட்டாயம்: 'கீழே யார்?' ஜப்பானின் ஐச்சி குண்டுவீச்சு விமானத்தின் அட்டையில் 1942 ஏப்ரல் 5இன் கதையை எழுதியிருக்கிறோம். அன்று அங்கொடை மனநோயாளர் வைத்தியசாலை மீதும் குண்டு விழுந்தது. கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் என்று பிழையாக நினைத்திருக்கலாம் என்கிறார்கள். போர் என்றால் என்ன, ஜப்பான் என்றால் என்ன என்றே அறியாத நோயாளிகள். எங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கு உயிர்த்த ஞாயிறு விமானத் தாக்குதல் தெரியும், அங்கொடை தெரியாது.

இரண்டாவது, பூச்சு அடிப்பதில்லை. பழைய மாதிரியைச் சுரண்டிப் புதுப் பூச்சு அடித்துப் பளபளப்பாக்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஹரிகேன் உடைந்த உந்திச்சுற்றியோடுதான் இருக்கிறது. அதை உடைத்தது யாரோ ஒரு பிள்ளை. அதுவும் வரலாறுதான். அதே போல, ஜேர்மன் விமானங்களின் வாலில் இருந்த நாசிச் சின்னத்தைப் பல தயாரிப்பாளர்கள் அச்சிடாமல் விடுகிறார்கள். ஜேர்மனியில் அதற்குச் சட்டத் தடையும் உண்டு, காரணம் விளங்குகிறது. ஆனால் சின்னம் இல்லாத விமானத்தைப் பார்க்கிற பிள்ளை அதை நல்ல விமானம் என்று நினைத்துவிடக் கூடாது. அட்டையில் எழுதிவிடுகிறோம்.

மூன்றாவது, பழைய வார்ப்புகளைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. பெற்றோர் கவனிக்க வேண்டிய விடயம் இது. அந்தக் காலப் பூச்சில் ஈயம் இருக்கும். பிள்ளை வாயில் வைத்தால் ஆபத்து. வகுப்பில் பெரிய பிள்ளைகளிடம் கொடுத்தாலும் பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வைக்கிறோம்.

நான்காவது, மூன்றாவது பின்னூட்டக்காரருக்கானது. சம்பளம் கூடவில்லை, சகோதரரே. மூவரும் மாதத்தில் ஒரு சின்னத் தொகையைப் பொதுவில் போடுகிறோம். கன்டீனில் ரோல்ஸ் சாப்பிடுகிற காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்தால் வாங்குவோம், சேராவிட்டால் இல்லை. கடன் வாங்கி வாங்குவதில்லை, பெட்டியே பிரிக்காத விலைகூடிய பொருளின் பக்கம் போவதில்லை. 2022இல் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் அந்தக் காசு முழுவதும் வேறு தேவைகளுக்குப் போனது. இது வீண்விரயமாக மாறும் எல்லை எங்கே என்று எங்கள் வீட்டுக்காரிகள் எங்களை விட நன்றாக அறிவார்கள். அந்த அதிகாரத்தை அவர்களிடமே கொடுத்திருக்கிறோம்.

(உருவம் வைத்திருக்கலாமா என்று கேட்டவருக்கும் ஒரு வார்த்தை. விமானத்துக்கு உயிர் இல்லை. உள்ளே ஒரு கடுகு விமானி இருக்கிறானே என்றால், எங்கள் 23இலும் விமானி இருக்கை வெறுமைதான். பழைய வார்ப்புகளுக்கு உள்ளே பார்க்கக் கண்ணாடியே கிடையாது.)

ஐந்தாவது, மிராஜைப் பாடசாலைக் கண்காட்சிக்குக் கொண்டுபோவதில்லை. இதில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. 'ஸ்டூக்காவைக் காட்டலாம், கிபிரின் மூத்தவனைக் காட்டக் கூடாதா? போலந்துக்காரனின் வலியைப் பேசிவிட்டுப் பக்கத்து ஊர்க்காரியின் வலியை ஒளிக்கிறோமா?' என்று வரலாற்று ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வியேலுனில் தப்பியவர் யாரும் எங்கள் கண்காட்சிக்கு வரப் போவதில்லை. அந்த ஆசிரியை வருவார், அவருடைய பிள்ளை வரும். காயம் ஆறாதவர்களுக்கு முன்னால் எதை எப்போது வைப்பது என்று முடிவெடுக்கும் உரிமை காயப்பட்டவருக்குத்தான், சேகரித்தவருக்கு இல்லை.

அந்த அட்டையின் கடைசி வரியை எழுதித் தர முடியுமா என்று அந்த ஆசிரியையிடம் கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப வேண்டாம் சேர். ஒரு நாளைக்கு எழுதுவன்" என்றார். அந்த அட்டை இன்னும் வெறுமையாக இருக்கிறது. நாங்கள் நிரப்பப் போவதில்லை.

கடைசியாக, விஞ்ஞான ஆசிரியர் சொன்ன ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். பழைய வார்ப்புகளுக்கு ஒரு நோய் உண்டு. ஆங்கிலேயர் அதை நாகக் கொள்ளைநோய் என்ற அர்த்தத்தில் அழைக்கிறார்கள். உருக்கும்போது நாகத்தோடு ஒரு துளி ஈயம் கலந்துவிட்டால் போதும். வெளியே பூச்சு நன்றாக இருக்கும். பத்து வருடம், இருபது வருடம் ஒன்றும் தெரியாது. உள்ளே உலோக மணிகளுக்கு இடையில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். எங்கள் நாடு மாதிரி வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் இன்னும் வேகமாக நடக்கும். ஒரு நாள் இறக்கை தானாக வளையும், மயிரிழை வெடிப்பு வரும், தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிரும். போருக்கு முந்திய வார்ப்புகள் பல இப்படித்தான் அழிந்தன. வந்த பிறகு இதற்கு மருந்து இல்லை. வராமல் தடுக்கலாம், சுத்தமான நாகத்தை எடுத்து வார்த்தால்.

எங்கள் 23இல் ஒன்றுக்கு அந்த வியாதி வந்துவிட்டது. அதையும் அலுமாரியில்தான் வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம்: "பாருங்க, உருக்கின நேரத்தில கலந்தது இப்பதான் வெளியில வருது."

வகுப்பறையும் ஒரு உருக்குச் சாலைதான். பிள்ளைக்குள் எதைக் கலந்து ஊற்றுகிறோம் என்பது இன்று தெரியாது. நாங்கள் கந்தளாயில் கை தட்டியபோது, 'தம்பி, அது எங்க போய் விழப்போகுது தெரியுமா?' என்று கேட்க ஒரு வாத்தியார் பக்கத்தில் இருக்கவில்லை. அவரும் எங்களோடு அகதியாகத்தான் நின்றிருப்பார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இன்று நாங்கள் வாத்தியார்கள். எங்கள் பிள்ளைகள் தொலைபேசியில் காஸாவைப் பார்த்து அழுகிறார்கள். அந்தக் கண்ணீர் உண்மையானது. அதே பிள்ளை வன்னியையும் மூதூரையும் நவாலியையும் காத்தான்குடியையும் ஒரே கண்ணால் பார்க்கப் பழகினால்தான் அந்தக் கண்ணீருக்கு அர்த்தம் இருக்கும். தன் பக்கத்து விமானம் பறக்கும்போது கை தட்டிவிட்டு, எதிரியின் விமானத்துக்கு மட்டும் அழுவது நீதி இல்லை.

அதனால்தான் அலுமாரியைக் காலி செய்யவில்லை. உங்களில் யார் வீட்டிலாவது இப்படிப் பழைய உலோக விமானம் ஒன்று கிடந்தால் பிள்ளைக்கு விளையாடக் கொடுக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். எந்த விமானம், எந்த வருடம், எங்கே பறந்தது என்று தேடுங்கள். பிறகு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, கீழே யார் இருந்தார்கள் என்றும் தேடச் சொல்லுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகப் பின்னூட்டத்தில் எழுதலாம். முதல் கேள்வி கேட்ட சகோதரர் கட்டாயம் எழுத வேண்டும். அவர் கேட்டிராவிட்டால் இதை நாங்கள் எழுதியிருக்க மாட்டோம்.

வானத்தைப் பார்த்துப் பயப்படாமல் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற ஒரு காலத்தை அல்லாஹ் தர வேண்டும். ஆமீன்.

வஸ்ஸலாம்.